போர்டில் இருந்த முகம்

டிரைவிங் ஸ்கூல் வாசலில் புது போர்டு மாட்டிய அன்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். 'பெண்களுக்குப் பெண்ணே கார் ஓட்டக் கற்றுத்தருகிறார்' என்று பெரிய எழுத்து. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கும் அக்காவின் முகம். படம் எடுத்ததும் போர்டு அடித்துக் கொடுத்ததும் அவளுடைய சொந்தத் தம்பி. அடுத்த தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். அக்காவின் படம் என்றால் சும்மா விடுவானா? கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பினான். நிழலைத் துடைத்தான். இடது கண்ணுக்குக் கீழே சின்ன வயதில் அம்மை போட்டுவிட்டுப் போன தழும்பு ஒன்று உண்டு, அதையும் அழித்தான். தன்னிடம் வருகிற எல்லா முகங்களுக்கும் அவன் செய்கிற உபகாரம்தான் இது. யாரும் கேட்டதில்லை, யாரும் வேண்டாம் என்றதும் இல்லை.

வினை அந்த உபகாரத்தில்தான் ஆரம்பித்தது.

அக்காவுக்கு அப்பாவின் கண்கள். கொஞ்சம் உள்வாங்கி, கீழே குழி விழுந்து, அடித்துப் போட்டாற்போலத் தூங்கி எழுந்தாலும் விடிய விடிய விழித்திருந்தவள் போலத் தெரிவாள். "தூங்கலையா?", "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பவர்களிடம், "நான் தூங்கிடறேங்க, என் முகம்தான் தூங்க மாட்டேங்குது" என்று சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தாள். அடுத்தவர் முகத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கிற வேலையை ஊரில் இத்தனை பேருக்கு யார் கொடுத்தார்களோ தெரியவில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, கை நடுங்க வந்தவர்களை எல்லாம் தைரியசாலிகளாக ஆக்கி அனுப்புவாள். முதல் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். "சந்தேகம் வந்தா முதல்ல பிரேக்கு. என்ன, ஏதுங்கற கேள்வி எல்லாம் வண்டி நின்னதுக்கு அப்புறம்."

போர்டு வந்த பிறகு, சேர வருகிறவர்கள் முதலில் போர்டைப் பார்த்தார்கள். அப்புறம் அவளைப் பார்த்தார்கள்.

"போர்டுல இருக்கறவங்க இன்னிக்கு வரலையா?"

"நான்தாங்க அது."

"ஓ... அது உங்க தங்கச்சின்னு நினைச்சேன்."

முதலில் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். ஆளுக்கு ஆள் இதையே கேட்டபோது சிரிப்பு வற்றிப் போயிற்று. ஒரு நாள் முதலாளி டீயை உறிஞ்சிக்கொண்டே, கற்றுக்கொள்ள வந்தவர்கள் முன்னாலேயே, "போர்டை மாத்தறதா, ஆளை மாத்தறதான்னே எனக்குப் புரியல" என்றார். அவருக்கு அது வேடிக்கை. பல்லைக் காட்டிவிட்டு அடுத்த வாய் டீயில் மறந்தும் போனார். அக்கா மறக்கவில்லை. இந்தச் சம்பளத்தில்தான் அவள் தனியாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"ஏண்டா, அந்தப் படத்துல என் கண்ணுக்குக் கீழ என்ன பண்ணே?"

"கொஞ்சம் நிரப்பினேன், அவ்வளவுதான். மௌஸை நாலு இழுப்பு இழுத்தா முடிஞ்சது."

"முகத்துலயே அப்படி நிரப்ப முடியுமாமே? ஊசி போடறாங்களாம்."

தம்பி அப்போது யாருடைய வழுக்கைக்கோ முடி வரைந்துகொண்டிருந்தான். "இப்பல்லாம் எல்லாரும் போட்டுக்கறாங்கக்கா. ஆசையா இருந்தா நீயும் போட்டுக்கோயேன்" என்றான், திரும்பிப் பார்க்காமலேயே.

மறுநாள் காலையில் அவள் போன அழகு நிலையம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் புருவம் திருத்துவதில் நல்ல பேர் எடுத்தவள். கொஞ்ச காலமாக வெள்ளைக் கோட்டும் போட ஆரம்பித்திருந்தாள். கோட்டுக்குள் இருப்பது டாக்டரா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. லைசென்ஸ் இல்லாத ஒருத்தரையும் தனியாக ரோட்டில் விடாதவள், தன் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுவருகிறவளிடம் எங்கே படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்துக் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்திருந்தது. அதையும் அவள் பார்க்கத்தான் செய்தாள்.

போனிலிருந்த போர்டுப் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வரணும்" என்றாள்.

"கண்டிப்பா வரும். வெறும் ஜெல்லுதான், பயப்படாதீங்க. குழியில மண்ணைத் தள்ளி மூடற மாதிரி, மூடிட்டா சமதளம்" என்றாள் கோட்டுக்காரி.

வலது பக்கம் சுலபமாக முடிந்தது. இடது பக்கம் ஊசி இறங்கியபோது, கண்ணுக்குப் பின்னாலிருந்து நெற்றி வரை சுரீரென்று ஒரு வலி. தலைக்கு மேல் எரிந்த விளக்கு மங்கிற்று.

"லைட்டை அணைச்சீங்களா?"

"இல்லையே" என்றாள் கோட்டுக்காரி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மரத்துப் போறதுக்குப் போட்ட கிரீம் கண்ணுல பட்டிருக்கும். சரியாயிடும்."

அக்காவின் கால், நாற்காலியின் கால்பலகையைத் தானாகவே அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். இடது கன்னத்தின் மேல்பக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தது. "என் தம்பி போட்டோகிராபர். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றாள். "இருங்க, என் போன்ல எடுக்கறேன், இதுல நல்லா வரும்" என்று கோட்டுக்காரியே படம் எடுத்து அனுப்பினாள்.

ஸ்டூடியோவில் அடையாள அட்டைப் படத்துக்குக் கூட்டம் நின்றது. தம்பி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டான்.

"டேய், ரொம்ப வலிக்குதுடா. கண்ணு வேற மங்கலா இருக்கு. கன்னம் வெளுத்தாப்பல இருக்கு, படத்தைப் பாத்துச் சொல்லு."

பார்த்தான். "வெளுப்பும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. பளிங்கு மாதிரி இருக்கு. போய்ப் படு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, எதிரே நின்றவரிடம், "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றான்.

அக்கா வீட்டுக்குப் போய் ஐஸ் ஒத்திக்கொண்டு படுத்தாள். தம்பி சொல்லிவிட்டானே, இனி என்ன?

சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் காரிலேயே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். "ஏறு, வீட்ல விடறேன்" என்றாள். தம்பி அவள் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். தெரு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. தலைவலி விடவே இல்லை என்று மட்டும் சொன்னாள். கழுத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பியே வண்டி ஓட்டுகிறாளே என்று அவனுக்கு என்னவோ போலிருந்தது.

முனையில் இடது பக்கமிருந்து குடை பிடித்த ஒரு பெண் தெருவைக் கடக்க இறங்கினாள். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. குடை நெருங்கியது. அப்போதும் குறைக்கவில்லை.

"அக்கா! பிரேக்கு!"

அவள் கால் அசையவில்லை. காலடியில் தட்டுப்பட்ட இரண்டாவது பிரேக்கைத் தம்பி இரண்டு கால்களாலும் மிதித்தான். டயர் கிறீச்சிட்டு வண்டி நின்றது. குடை எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. அந்தப் பெண் உயிரோடு நின்றுகொண்டு, வாயில் வந்தபடி எல்லாம் திட்டினாள். அந்த வசவு தம்பியின் காதுக்குத் தேனாக இருந்தது.

"என்னக்கா, பாக்கலையா நீ?"

"யாருடா? எங்கேருந்து வந்தாங்க?"

தம்பி எட்டி அவள் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணுக்குக் கீழே தோல் திட்டுத் திட்டாக வெளுத்தும் நீலம் பாரித்தும் வலை பின்னினாற்போலக் கிடந்தது. அதன் நடுவே அந்த அம்மைத் தழும்பு. போனை எடுத்துக் காலையில் வந்த படத்தைப் பார்த்தான். படத்தில் தழும்பே இல்லை. கோட்டுக்காரியின் போனில் இருந்தது, முகத்தைத் தானாகவே மெழுகிக் காட்டும் கேமரா. தழும்பை அழித்தது வெளுப்பை மட்டும் விட்டு வைக்குமா? மெழுகின படத்தை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனாலும் அவன் பார்க்கவில்லை. அழகாயிருந்த எதையும் அவன் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

அவளுடைய வலது கண்ணைத் தன் கையால் மூடினான். "என்னைத் தெரியுதாக்கா?"

"புகையா இருக்குடா" என்றாள். கையால் துழாவினாள். "நீ எங்கடா இருக்கே?"

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, ஊசி எப்போது போட்டார்கள் என்றுதான். காலையில் என்றதும் அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜெல்லு ரத்தக் குழாய்க்குள்ள போயிருக்கும்மா. கண்ணுக்குப் போற ரத்தத்தையே அடைச்சிருக்கு. என்ன மருந்துன்னு தெரியுமா?"

தெரியாது. போன் போட்டால் பார்லரில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. கரைக்கும் ஊசி போட்டு இரண்டு பக்கத்து ஜெல்லையும் எடுத்துக் கன்னத்தைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவில்லை. "உடனே வந்திருந்தாலும் திரும்பியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ண நேரமாவது இருந்திருக்கும்" என்றார் டாக்டர். கண்ணுக்குக் கீழே விழுகிற குழி பரம்பரை வாகு, அவளுக்கு நோய் எதுவும் இருந்ததில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டுத் தம்பி ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதான்.

போர்டை அவனே ஏணி வைத்துக் கழற்றினான். முதலாளி குறுக்கே பேசவில்லை. அக்காவைக் காரில் அனுப்பாமல், சாலை விதிகள் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் உட்கார வைத்தார். தினமும் தம்பிதான் கொண்டுவந்து விடுகிறான். தெருவில் அவளுக்கு இடப்பக்கமாகவே நடக்கிறான்.

முதல் நாள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பரிவோடுதான் கேட்டாள். "என்ன மேடம், உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் குழி விழுந்திருக்கே."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தம்பி அப்படியே நின்றான். அக்கா கையிலிருந்த சாக்பீஸை மேஜை மேல் வைத்தாள்.

"நல்லாதான் இருக்கேம்மா. என் அப்பா முகம் இது. இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இதை மாத்திக்கப் போனேன். இடது கண்ணு போயிடுச்சு. இனிமே யார் முகத்தையும் பாத்து இப்படிக் கேக்காதீங்க. உங்களுக்கே ஆசை வந்தா, ஊசி போடறவங்க நெஜமாவே டாக்டரான்னு முதல்ல கேளுங்க. கோட்டைப் பாத்து ஏமாறாதீங்க. போட்டதும் வலிச்சாலோ, தோல் வெளுத்தாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. யார்கிட்டயும் அபிப்பிராயம் கேட்டுட்டு உக்காராதீங்க."

அவள் திரும்பிக் கரும்பலகையைத் தடவிப் பார்த்து, சாக்பீஸை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"முதல் பாடம். சந்தேகம் வந்தா முதல்ல பிரேக்கு. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நான் அன்னிக்கு பிரேக் போடல. போட்டோவைக் காட்டி அபிப்பிராயம் கேட்டேன்."