ஆஜராகாதவர்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் ஷெரீப் அலுவலகம் புதுப் பட்டியலை ஒட்டும். கோர்ட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் கண்ணாடி போட்ட ஒரு பலகை. அதில் ஒரு பக்கம் பண்ணை ஏல அறிவிப்புகள். மறுபக்கம், கவுண்ட்டி என்கிற அந்த மாவட்டத்தில் யார் யார் மேல் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது என்ற பட்டியல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்துவிட்டுப் படிக்காததுபோல் போவதுதான் அந்த ஊர் மரியாதை.

ஆர்லன் வெசெலி பதினாலு வருடமாகப் படிக்கிறார். நேராக நின்று படிக்க வெட்கம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏல அறிவிப்பின் முன்னால் நிற்பார். கண் மட்டும் பக்கத்துக் காகிதத்தின் கடைசி வரிகளுக்குப் போய்விடும். 'வெசெலி, கோல்பி. வாய்தாவுக்கு ஆஜராகத் தவறியது. நிலை: ஆக்டிவ்.' அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்துவிட்டால் போதும், மனுஷனுக்கு ஒரு மாதத்துக்கு வாயில் வைத்தது தொண்டையில் இறங்கும். ஆக்டிவ் என்று போட்டிருக்கிறது, அதனால் பையன் எங்கோ உயிரோடு இருக்கிறான். செத்துப்போயிருந்தால் ஷெரீப்புக்குத் தெரியாமலா இருக்கும்? கம்ப்யூட்டர் எல்லாம் வைத்திருக்கிறார்களே!

இது அவர் தானாகவே கட்டிக்கொண்ட கணக்கு. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. மனைவி, கோல்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊரிலிருந்து பதினாறு மைல் தள்ளி, சரளைக்கல் ரோட்டின் கடைசி வீடு அவருடையது. அங்கே பேசுவது ரேடியோ ஒன்றுதான். அதுவும் சோள விலையும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் தவிர வேறு எதுவும் பேசாது. முழங்கால் போனபிறகு மாடுகளையும் விற்றுவிட்டார்.

அந்தப் பிப்ரவரித் திங்கட்கிழமை, பட்டியலின் கடைசி வரிகளில் வெசெலி இல்லை.

மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, பட்டியலுக்கு நேர் முன்னால் நின்று விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். இல்லை. பட்டியலே பாதியாய்ச் சுருங்கியிருந்தது. அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"என்ன ஆர்லன், உங்க பேரு வந்திருக்கான்னு பாக்கறீங்களா?" என்று வாசலில் நின்ற காவலர் ஜீன் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேலிதான். திரும்பிய ஆர்லனின் முகத்தைப் பார்த்ததும் ஜீனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒண்ணும் இல்லையே?" என்றார்.

ஆர்லன் மாடிப்படி ஏறினார். பதினாலு வருடத்தில் அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மேலே கோர்ட்டு எழுத்தர் ரோண்டா. ஐம்பதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"அட, வாங்க வாங்க! வருஷக்கணக்கா அந்த ஏல நோட்டீஸ் முன்னாடி நிக்கிறீங்க, ஒரு ஓட்டை டிராக்டர் கூட வாங்கலையே பெரியவரே!"

"ரோண்டா, என் பையன் செத்துட்டானாம்மா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஐயோ, யாரு சொன்னா உங்களுக்கு?"

"பட்டியல்ல பேரு இல்ல."

"அதுக்கா? உட்காருங்க முதல்ல. உட்காருங்கன்னா!" கவுண்ட்டரைச் சுற்றி வந்து அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். "புது ஜட்ஜ் வந்திருக்காருல்ல. பத்து வருஷத்துக்கு மேல ஆன சின்னச் சின்ன கேஸ் வாரண்டையெல்லாம் ரத்து பண்ணிட்டாரு. உங்க பையனது மட்டும் இல்ல, மொத்தம் முப்பத்தொண்ணு. நல்ல சேதி ஆர்லன்! இனிமே கோல்பியை யாரும் பிடிக்க முடியாது."

ஆர்லன் மூச்சு விட்டார். "அப்ப உயிரோடதான் இருக்கான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னம்மா பேசற? மாசாமாசம் ஆக்டிவ்னு போட்டீங்களே. பாக்காமலா போட்டீங்க?"

ரோண்டா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். வாய் நீளமானவள் வார்த்தையை எண்ணிப் பேசினால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். மெதுவாகச் சொன்னாள். "அது ஆளைப் பத்தி இல்ல ஆர்லன். வாரண்டைப் பத்தி. அந்தத் தாள் இன்னும் செல்லும்னு அர்த்தம், அவ்வளவுதான். ஆள் எங்க இருக்கான், இருக்கானா இல்லையா, அதையெல்லாம் யாரும் பாக்கறதில்ல. நாலு வருஷம் முன்னாடி செத்த ஒருத்தர் பேரு போன மாசம் வரைக்கும் ஆக்டிவ்னு இருந்துச்சு. அவரு அக்கா வந்து சொன்ன பிறகுதான் எடுத்தோம்."

பதினாலு வருடம்! நூற்று அறுபது தடவைக்கு மேல் அந்த மனுஷன் பனியிலும் சேற்றிலும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு காகிதம் நலமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் பையன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை ஊருக்குத் தெரியாது என்று நம்புகிறவனுக்கு அதுதானே கஷ்டம்.

"கேஸ் கட்டைப் பாக்கறீங்களா?" என்றாள் ரோண்டா.

"நான் என்ன வக்கீலா?"

"வக்கீல் எதுக்கு? இதெல்லாம் பொது ஆவணம். வழியில போறவங்க வந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்கணும். ஒரு சீட்டுல பேரு எழுதிக் குடுங்க, போதும்." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க வருவீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். நானா கூப்பிட்டுக் குடுக்கறது முறை இல்ல."

கட்டு மெலிசாக இருந்தது. உரிமம் முடக்கப்பட்ட நிலையில் கோல்பி பிக்கப்பை ஓட்டியதற்கான போலீஸ் சீட்டு. வாய்தா தேதி. அந்த மார்ச் காலையில் வண்டி ஓட்ட உரிமம் இல்லாத பையனைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர வேண்டியவர் ஆர்லன். கூட்டிவரவில்லை. அதற்கு அடுத்த தாள், 'அழைத்தும் ஆஜராகவில்லை, பிடிவாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது.' அதற்கு அடியில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி முத்திரை. ஆர்லனுக்குத் தெரிந்த சாய்ந்த கையெழுத்து.

'மதிப்புக்குரிய ஜட்ஜ் அவர்களுக்கு. ஐந்து வருடத்துக்கு முன்னால் என் வாய்தாவுக்கு நான் வரவில்லை. அன்று காலை என் அப்பா என்னைக் கூட்டிவருவதாக இருந்தது. கிடாரி ஒன்றுக்குக் கன்று வயிற்றில் குறுக்கே திரும்பிவிட்டது. விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை. அவர் மேல் தப்பு எதுவும் இல்லை. நான் நடந்தாவது வந்திருக்க வேண்டும். இப்போது குடிப்பதில்லை. வேலை இருக்கிறது. வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்பா கண் முன்னால் எனக்கு விலங்கு மாட்டினால் அவர் தாங்க மாட்டார். வாரண்டை ரத்து செய்ய வழி உண்டென்றால் தயவுசெய்து எழுதவும்.'

கீழே வயோமிங்கில் ஒரு முகவரி. ஓரத்தில் பழைய ஜட்ஜின் கிறுக்கல்: 'கடிதத்தின் பேரில் நடவடிக்கை இல்லை. நேரில் ஆஜராக வேண்டும். கேஸ் கட்டில் வைக்கவும்.'

"இதுக்குப் பதில் போட்டீங்களா?"

"கட்டில் வைக்கவும்னு இருக்கு. வெச்சிட்டாங்க. நான் அப்ப இங்க இல்ல."

"இந்த விலாசத்துல இருப்பானா?"

ரோண்டா கட்டின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினாள். வாரண்ட் ரத்தான செய்தி போன மாதம் அதே முகவரிக்குப் போயிருந்தது. உறை திரும்பி வந்து, கிளிப் போட்டுச் செருகியிருந்தது. 'பெறுநர் இங்கு இல்லை' என்று மஞ்சள் சீட்டு. "ஒன்பது வருஷம் ஆச்சே ஆர்லன். எங்க போனான்னு யாருக்குத் தெரியும்?"

ஆர்லன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரி. கிடாரி ஒன்றுக்குக் கன்று குறுக்கே திரும்பிவிட்டது.

அது பொய். அந்தக் கிடாரி காலை ஏழரைக்கே சுகமாக ஈன்றுவிட்டது. கன்று எழுந்து நின்று பாலும் குடித்துவிட்டது. ஆர்லன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தொழுவத்துக்குள் பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சண்டையில் பையன் சொன்ன ஒரு வார்த்தை நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது. பட்டால்தான் புத்தி வரும், நடந்து போகட்டும் என்று கறுவிக்கொண்டு இருந்தார். வெளியே இரண்டு தடவை "அப்பா!" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டது. கேட்டும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கிலிருந்து போன் வந்தது. "ஏன்ப்பா வரல?" என்று கேட்டான். கன்று குறுக்கே திரும்பிவிட்டது என்று சொன்னார். "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு அப்பனும் மகனும் பேசவில்லை.

அந்தப் பொய்யைப் பையன் நம்பியிருக்கிறான். நம்பியது மட்டுமா, ஜட்ஜுக்கு எழுதி, அப்பனுக்காக வாதாடியிருக்கிறான். ஆர்லன் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார். எழுபத்தொரு வயது மனுஷன், கோர்ட்டு அலுவலகத்தில், பட்டப்பகலில். ரோண்டா கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு காப்பிக் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். "இதுல ஒரு தாள் சேக்கலாமா?"

"கேஸ் முடிஞ்சு போச்சு ஆர்லன்."

"அவன் லெட்டரை எடுத்து வெச்சீங்களே."

"வெச்சாங்க. ஜட்ஜ் பாக்க மாட்டாரு, நடவடிக்கை எடுக்க மாட்டாரு. சும்மா கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"யாரு படிக்கப் போறா?"

"வழியில போறவங்க கேட்டாலும் குடுக்கணும்னு நீதானே சொன்ன? பதினாலு வருஷம் கழிச்சு நான் வந்து படிக்கலையா? அவனும் ஒரு நாள் வருவான். தன் பேரு இன்னும் இருக்கான்னு பாக்க வருவான்."

ரோண்டா மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள். ஆர்லன் கவுண்ட்டரில் குனிந்து, பெரிய பெரிய எழுத்தில், அழுத்தி எழுதினார்.

'கோல்பி. கன்று ஏழரைக்கே பிறந்துவிட்டது. கிடாரிக்கு ஒன்றும் இல்லை. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது. வீட்டுப் போன் நம்பர் அதேதான்.'

ரோண்டா அதை வாங்கி ஒரு தடவை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். "யாரு தாக்கல் பண்ணினதுன்னு எழுதணும். இந்த வழக்குல நீங்க யாருன்னு போட? சாட்சியா?"

"அன்னைக்கு ஆஜராகாதது நான்தாம்மா. அப்படியே போடு."

அவள் அந்தக் கட்டத்தில் 'தந்தை' என்று எழுதி, தேதி முத்திரையைக் குத்தினாள்.