மூன்று மணிக்குக் கொடுத்த காற்று

எங்கள் ஊரின் மாலைக் காற்றை அயல்நாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மூன்று நடுவர்கள் தீர்ப்பளித்திருந்தார்கள். முதலீட்டாளர்களைக் காக்க முன்பு போட்ட ஒப்பந்தத்தில் காற்றும் சேர்ந்திருந்தது. அதே வாரம் நாங்கள் அங்கம் வகிக்கும் ஒன்பது நாடுகளின் கூட்டு நீதிமன்றத்திலிருந்தும் ஒரு தீர்ப்பு வந்தது. காற்று ஒன்பது நாடுகளுக்கும் பொது, எவராவது தனியாக வைத்திருந்தால் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றது அது. நகராட்சியில் காற்றுப் பிரிவு எழுத்தர் நான்தான். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தேன்.

முதல் தீர்ப்பை மீறினால் கலங்கரை விளக்கத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டு போகும். இரண்டாவதை மீறினால் ஊரை வரைபடத்திலிருந்து நீக்குவார்கள். காற்றே போய்விட்டால் பாய் விரித்துப் போன வள்ளங்கள் கரை திரும்ப வழியில்லை. என் கணவர் இன்னாசியின் வள்ளமும் அவற்றில் ஒன்று.

ஊர் வழக்கறிஞர் பிலோமினா மோத்தா, எங்களுக்குப் பிலோமியக்கா, இரண்டையும் மூன்று நாள் படித்தார். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் கீழ்ப்படியலாம் என்று கவுன்சிலர்கள் சொன்னபோது மறுத்துவிட்டார்.

“இந்த ஊர் எந்தத் தீர்ப்பையும் மீறினதில்ல. குடுப்போம்” என்றார்.

நிறுவனத்து ஆள் ஒருவரும் கூட்டு நீதிமன்றத்து ஆள் ஒருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள். மூன்று மணிக்குக் காற்று வந்ததும் கடல்பாலத்து முனையில் அதைச் சுருட்டி, சணலால் கட்டி, நிறுவனத்து ஆளிடம் கொடுத்தேன். ஒரு மீன் கூடை அளவுதான் இருந்தது. அவர் கையெழுத்திட்டார். கடலில் பாய்கள் துவண்டன. நாற்பது வள்ளங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. கரையெல்லாம் புழுங்கியது. ஒருவரும் முந்தானையால்கூட விசிறிக்கொள்ளவில்லை.

அவர் காற்றுக் கட்டைத் தோளில் ஏற்றி நடந்தார். பிலோமியக்கா மறிக்கவில்லை, கூடவே நடந்தார்.

“நீங்க கையெழுத்துப் போட்டதோட முதல் தீர்ப்பு நிறைவேறியாச்சு சார். இப்ப யாரும் வச்சிருக்கக் கூடாத சாமான் உங்க தோள்ல இருக்கு. ரெண்டாவது தீர்ப்பு இனி உங்களுக்குத்தான்.”

அவர் நின்று யோசித்தார். அவரும் சட்டத்தை மதிப்பவர். நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னாசியின் வள்ளம் எதுவென்று தெரியவில்லை. நான்கு மணிக்கு நிறுவனத்து ஆள் காற்றுக் கட்டைக் கூட்டு நீதிமன்றத்து ஆளிடம் கொடுத்தார். சணல் அவிழ்ந்தது. பாய்கள் நிமிர்ந்தன.

அந்த ஒரு மணி நேரமும் வள்ளங்களில் எல்லோரும் எழுந்து நின்றிருந்ததாக இன்னாசி கரையேறியதும் சொன்னார். யாரும் சொல்லி நிற்கவில்லையாம். அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. அன்று அதைத் துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் வருவது புதுக் காற்று என்பதால் இரண்டு தீர்ப்புகளும் தினமும் பொருந்துகின்றன. மூன்றிலிருந்து நான்கு வரை ஊரே நிமிர்ந்து நின்று வேர்க்கிறது. அந்த இருவரும் இங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். இரண்டு சட்டங்களையும் ஒரே நாளில் காப்பாற்றும் ஊர் வேறெங்கும் இல்லை என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

இன்று காலை கடலே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. தனக்கும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது, பிலோமியக்காவைப் பார்க்க வேண்டும் என்றது. அதற்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றது.