நான்காம் மகளுக்கு ஒரு பெயர்

மேற்கே நியூசிலாந்தின் வைட்டாக்கரை மலைத்தொடர் முகிலைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, அதன் அடிவாரத்துக் கொடிமுந்திரித் தோட்டங்களைத் தடவி வந்த ஈரக்காற்று தகரக் கூரைகளின்மேல் உலவ, நகரத்திலிருந்து திரும்பிய தொடர்வண்டி களைத்த மாந்தரை ரானுயி நிலையத்தில் இறக்கிவிட்டு மெல்ல நகர்ந்த அந்தக் கார்த்திகை மாலையை, கற்றறிந்த அன்பரே, நீவிர் கண்டிருப்பின், இவ்வூரில் எவர்க்கும் யாதொரு குறையும் இல்லை என்றே எண்ணியிருப்பீர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் அம்மாலையில், நிலையத்துக்கு அப்பால் மூன்றாம் தெருவில், ஒரு பலகை வீட்டின் அடுக்களை மேசைமுன் அமர்ந்திருந்த தியாகலிங்கம் மட்டும் சினத்தால் வெந்துகொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராயிருந்து, கலவரத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து, நகருக்கு அப்பால் விரி என்னும் ஊரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஆளான அவருக்கு, எஞ்சியிருந்த ஒரே பெருமிதம் தூய தமிழ். பண்டகசாலையில் அதைக் கேட்பார் இல்லை. வீட்டிலோ பெண்மக்கள் மூவரும் ஆங்கிலத்தில் விடை சொல்லினர். நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்து இரண்டு திங்கள் ஆகப்போகிறது. பிறப்புப் பதிவுத்தாளை ஒப்படைக்க மறுநாளே இறுதி நாள். 'நிறைசெல்வி' என்று அழகுற எழுதித் தம் ஒப்பத்தையும் இட்டுவிட்டார். தாயின் ஒப்பத்துக்குரிய இடம் வெறுமையாய்க் கிடந்தது.

"என்ன குறை கண்டாய், குணவதி? வடசொல் கலவாத பெயர். சொல்லிப் பார், தேனாய் இனிக்கும்," என்றார், எத்தனையாவது முறையோ.

"தேனோ பாணியோ எனக்குத் தெரியாது. ஆசுபத்திரி வாசல்லை நிண்டு தவராசா அண்ணையோடை நீங்கள் கதைச்சது எனக்குக் கேட்டது. 'நாலும் பெட்டை, இதோடை நிறைஞ்சுது' எண்டியள். அந்தப் பேருக்கு நான் ஒப்பம் வைக்கமாட்டன்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள் அவர் மனைவி.

அவள் வாயைத் திறந்து காரணம் சொன்னது அதுவே முதன்முறை. ஒரு சொல்லை நண்பனிடம் சலிப்பில் உதிர்த்தது உண்மைதான். அதற்காக இத்துணை நல்ல பெயரைக் குப்பையில் எறிவதா என்று அவருக்கு ஆற்றாமை பொங்கிற்று. பக்கத்து வீட்டுக் கிழவியே இவளுக்குத் தூபம் போடுகிறாள் என்று முடிவுகட்டினார். அக்கிழவி, இரண்டாம் உலகப்போர் ஓய்ந்த பின் நியூசிலாந்துப் படைவீரர் ஒருவரை மணந்து யப்பானிலிருந்து வந்தவள்; இப்போது கைம்பெண். தெருவார் அவளைப் பேர்ல் என்றழைப்பர். குழந்தை பிறந்த நாள்முதல் குணவதிக்கு அவளே துணை. யப்பானியர் பொருள் பார்த்தன்றிப் பெயர் வையார் என்று எங்கோ படித்திருந்தது அப்போது அவர் நினைவுக்கு வர, அவளைக்கொண்டே மனைவியை வழிக்குக் கொண்டுவரலாம் என்று பதிவுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் இட்டு வேலியைச் சுற்றி நடந்தார்.

அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பொறுமையாய் விடையிறுத்து, பழைய கடித உறையின் பின்புறத்தில் எழுதியும் காட்டினாள். கெயிக்கோ என்னும் ஒரே பெயரை அருள் என்னும் பொருளுடைய எழுத்தாலும் எழுதலாம், மதிப்பு என்பதாலும் எழுதலாம், மகிழ்ச்சி என்பதாலும் எழுதலாம். எந்த எழுத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று பெற்றோர் நாட்கணக்கில் அமர்ந்து எண்ணுவர் என்றாள். தியாகலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. பார்த்தீரா, இவர்களன்றோ என் இனம் என்று மகிழ்ந்து, "தங்கள் இயற்பெயர் யாது? அதன் எழுத்தையும் காட்டுக," என்றார்.

அவள் சிறிது தயங்கி, உறையின் மூலையில் ஒற்றை எழுத்தை வரைந்தாள். "தொமே. பொருள், நிறுத்து."

அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கு முன் ஐந்து பெண்கள். இனிப் பெண் வேண்டாம், நிறுத்து என்று தெய்வத்துக்கு என் தந்தை எழுதிய மடல் நான். மடல் போய்ச் சேரவில்லை, ஏழாவதும் பெண்ணே," என்று சிரித்தாள். பின் சிரிப்பை விட்டுச் சொன்னாள்: "என் கணவர் பொருள் கேட்டபோது முத்து என்றேன். அதனால்தான் ஆங்கிலத்தில் பேர்ல் ஆனேன். இறக்கும்வரை அவர் நம்பினார். உம் மனைவியிடமும் முத்து என்றே சொல்லியிருக்கிறேன்; உண்மையை நீர் சொல்லிவிடாதீர். போகட்டும், உம் மகளின் பெயருக்கு என்ன பொருள்?"

"நிறைவு," என்றார் தியாகலிங்கம்.

"நல்ல சொல். யாருக்கு நிறைவு? அவளுக்கா, உமக்கா?"

அவள் குத்திக் கேட்கவில்லை, அறியவே கேட்டாள். இலக்கணமும் நிகண்டும் கரைத்துக் குடித்தவர் உறையின் மூலையிலிருந்த அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தார். அந்தத் தந்தையாவது வெளிப்படையாக எழுதினார். தாமோ அதே சொல்லுக்குப் பட்டுடுத்திப் பொட்டிட்டு, செந்தமிழ் என்று பெயரும் சூட்டி ஊரை ஏய்க்கப் பார்த்தோமே என்று அவருக்கு வெட்கமாயிருந்தது. குடிக்காத தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

வீடு திரும்பி, பதிவுத்தாளில் தாம் எழுதியதைக் கோடிட்டு அடித்தார். வேறு பெயர் தேடினார். நூறு பெயர் அறிந்த நெஞ்சில் ஒன்றும் எழவில்லை. இரண்டு திங்களில் அந்தக் குழந்தையின் முகத்தை அவர் நின்று பார்த்ததேயில்லை. அறைவாசலில் போய் நின்றார்.

"குணவதி, பிள்ளையை நீ என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறனீ?"

"இப்பதானே கேக்கிறியள்," என்றாள் அவள். "வசந்தமலர். இவள் பிறந்த அண்டைக்கு ஆசுபத்திரி யன்னலுக்கு வெளியிலை மரமெல்லாம் ஒரே பூ. நீங்கள்தான் பாக்கேல்லை."

வசந்தம் வடசொல். உலகின் இத்தென்கோடியில் மரங்கள் பூப்பது புரட்டாதியில் என்றாலும், தமிழர் கணக்கில் புரட்டாதியில் ஏது வசந்தம் என்று வாதிடவும் இடமுண்டு. இரண்டும் அவர் நாவின் நுனிவரை வந்தன, இரண்டையும் விழுங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு அப்பெயரை எழுதித் தாளை நீட்ட, குணவதி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒப்பமிட்டாள்.

பெயரென்பது பெற்றோரின் புலமைக்கு வைத்த காட்சிப்பொருள் அன்று, அன்பரே. பிள்ளை வாழ்நாளெல்லாம் உடுத்தித் திரியவேண்டிய ஆடை. என்றேனும் ஒருநாள் அச்சிறுமி, ஆங்கிலத்திலேனும், எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பாள். அன்று அவள் முகத்தைப் பார்த்து மெய்யே சொல்லலாம். பக்கத்து வீட்டுக் கிழவியைப்போல் முத்து என்று பொய் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு என்றும் நேராது.