பெண்டுகள் துறை

அரசாங்கக் கந்தோரின் வரைபடத்தில் முருகைத்தீவு பச்சையாக இருந்தது. நடுவில் 'காடு' என்று ஒரு சொல். மாகாணத் தலைநகரான திருகோணமலையின் துறைமுகத்துக்குள்ளேயே, கந்தோர் ஜன்னலால் பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் அந்தத் தீவு கிடந்தது. கிழமைக்கு ஒருநாள் மருத்துவமாதுவை அனுப்பும்படி அங்கிருந்து மனு வந்தபோது மேலதிகாரி குலசிங்கம் படத்தைப் பார்த்தார்.

"காட்டுக்குள்ள ஆருக்குப் பிள்ளைப்பேறு?"

படவரைஞர் கமலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாறன் சேர்," என்றாள்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கம். சண்டை நின்று சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. பத்துக் குடிசையும் சேறும் இருக்கும் என்று எண்ணிப் பழைய செருப்போடு போனாள். வள்ளம் அணைந்ததோ கல்லால் கட்டிய நீளமான இறங்குதுறையில். மனுவில் முதல் கையெழுத்து வைத்திருந்த றுக்கியா கைகொடுத்து இறக்கினாள்.

"நல்லா ஊண்டி மிதியுங்க தங்கச்சி. அசையாது."

"ஆர் அக்கா கட்டினது? அரசாங்கமோ?"

"நாங்கதான். பொம்புளையள்."

றுக்கியா நடந்ததைச் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு முன், சண்டையால் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. ஆண்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. அந்த மாரிமழையில், தீவுக்காரி நல்லம்மாவின் மகள் பிள்ளைவலியோடு ஆசுப்பத்திரிக்குப் போக வள்ளத்தில் ஏறப்போய்ச் சேற்றில் விழுந்தாள். தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

"எட்டாம் நாள் நல்லம்மாக்கா தனியக் கல் சுமக்கத் தொடங்கினா. நானும் ஒரு கல்லைத் தூக்கினன். பின்னேரம் பார்த்தா பதினேழு பேர். முடிக்கப் பத்து மாசம் போச்சு."

கமலாதேவி அளவுநாடாவை எடுத்தாள். மறுமுனையை றுக்கியா பிடித்தாள். இருவரும் தீவு முழுக்க நடந்தார்கள். சிப்பி கொட்டி இறுக்கிய ஒழுங்கைப் பாதைகள், வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீல வர்ணத்தில் படலைக் கதவுகள், இரண்டு கப்பி போட்ட நல்லதண்ணிக் கிணறு, வேலிக்கு வேலி காயும் சேலைகள். "என்ர வீட்டையும் படத்தில கீறுங்கோ பிள்ளை," என்று படலைக்குப் படலை பெண்கள் மறித்தார்கள். நல்லம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செம்பில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கமலாதேவி கீறுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துறைக்கு என்ன பேர் போட?"

"ஒராளின்ர பேர் வேணாம். பெண்டுகள் துறை எண்டு போடுங்க," என்றாள் றுக்கியா.

அடுத்த கிழமை குலசிங்கத்தின் மேசையில் புதிய படத்தை விரித்தாள். அறுபத்துமூன்று வீடுகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இப்பிடியொரு துறை எங்கட பதிவில இல்லையே."

"அந்தப் பொம்பிளையள் கட்டினது சேர். அவை வைச்ச பேர். மாத்த ஏலாது."

தன் குரல் இவ்வளவு உறுதியாக வந்ததில் அவளுக்கே வியப்பு. அவர் பேனையை எடுத்துக் கையெழுத்திட்டார். வழமையாக மேலதிகாரியின் பேர் மட்டுமே இருக்கும் மூலையில், 'வரைந்தவர்: த. கமலாதேவி' என்றும் எழுதச் சொன்னார்.

மாசியில் மருத்துவமாதுவின் வள்ளம் முதன்முறையாகத் தீவுக்குப் போனது. கமலாதேவி லீவு போட்டுவிட்டு அதில் ஏறியிருந்தாள். துறை நிறையப் பெண்கள். நிறைமாதக்காரி ஒருத்தியின் கையைப் பிடித்தபடி நல்லம்மா முன்னால் நின்றாள்.

"வாங்கோ மிஸ்," என்றாள் மருத்துவமாதுவிடம், தலையை நிமிர்த்தி. "இது எங்கட துறை."