மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு ஒரு தனி லைன்

முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஊர் லைன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்பம் ஏறுவதும் கேபிள் இழுப்பதும் என் வீட்டுக்காரர் செம்மல். முதலாளி புருஷோத்தமனுக்கு எதிலும் அவசரம், எதிலும் சிக்கனம்.

கனகசெட்டிக்குளத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் எங்கள் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. அதில் மேனேஜ்மென்ட் போர்ட் என்று ஒன்று உண்டு. மற்ற லைன் எல்லாம் செத்துக் கிடந்தாலும் அது வழியாக இங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்யலாம். அதற்குத் தனி லைன் வேண்டும். ஒரு சிம் கார்டு போதும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

"தனி லைன் எதுக்கும்மா? அதே பெட்டியில ஒரு போர்ட் சும்மாத்தான இருக்கு, அதுல குத்திடு" என்றார் புருஷோத்தமன். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற புத்தி. முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

ஐப்பசி மழையில் பெட்டி செட்டிங்கை இழந்தது. என்னால் உள்ளே போக முடியவில்லை. லேப்டாப்போடு செம்மல் போனார்.

"குழலி, ரூம்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி நிக்குது. மெயினை ஆஃப் பண்ணிட்டு, பெட்டியைக் கழட்டி மேல வச்சிடறேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் புருஷோத்தமன் குறுக்கே விழுந்தார். "ஆஃப் பண்ணாத செம்மல், அதே மெயின்ல ஓடுற காலாப்பட்டு லைனும் போயிடும். லேப்டாப் வயரை மட்டும் அதுல குத்து, ரெண்டு நிமிசம்."

"வேணாங்க, வெளிய வந்துடுங்க" என்று கத்தினேன்.

"குத்திட்டேன் குழலி. நீ பாரு, சீக்கிரம்."

அவர் மொபைல் நெட், லேப்டாப் வழியாகப் பெட்டி திறந்தது. செட்டிங்கை ஏற்றினேன். லைன் வந்தது. புருஷோத்தமன் கைதட்டினார்.

"ஏங்க, ஆச்சு. வந்துடுங்க" என்றேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நான் தட்டிய கட்டளைக்கெல்லாம் பெட்டி பதில் சொன்னது, அவர் சொல்லவில்லை. அந்த வீட்டின் சொந்தக்காரம்மா போய்ப் பார்த்தபோது தண்ணீரில் குப்புறக் கிடந்தாராம். பெட்டியின் இரும்புச் சட்டத்தில் கரண்ட் இறங்கியிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். போகாமல் என்ன செய்வது, வயிறு இருக்கிறதே. புருஷோத்தமன் என் மேசைக்கே வந்தார்.

"அந்த போர்ட்டுக்குத் தனி சிம் போட்டாச்சும்மா. இனிமே மழைன்னாலும் யாரும் அங்க போவ வேண்டாம். செக் பண்ணிப் பாரேன்."

ஆறுதல் சொல்வதாக நினைப்பு. அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. பாஸ்வேர்டை அடித்தேன்.

முதல் தடவையிலேயே உள்ளே விட்டது.