சூட்டுக்கோலும் நெஞ்சுக் கதகதப்பும்

என் அண்ணன் பூச்சி செய்கிறவன். தூண்டில் கொக்கியை ஒரு சின்னப் பிடியில் மாட்டி, இறகையும் நூலையும் அதன்மேல் சுற்றிச் சுற்றி, மீனே ஏமாந்து கவ்வும் அளவுக்கு ஒரு ஈயை உண்டாக்கிவிடுவான். அரிசியைவிடச் சின்னக் கொக்கியானாலும் அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனால் மட்டும் ஆள் மரமாகிவிடுவான்.

தங்கை நானும் சளைக்காமல் வரன் பார்த்தேன். ஆசிரியை, தையற்காரி, பல் டாக்டர் என்று எல்லாரையும் பார்த்துவிட்டு வந்து ஒரே பாட்டைத்தான் பாடுவான்.

“நல்ல பொண்ணுதான். ஆனா நெஞ்சுல ஒண்ணும் தோணலையே.”

“என்ன தோணணும்? மணி அடிக்கணுமா?”

“ஒரு கதகதப்பு. வந்தா எனக்கே தெரியும்.”

நாற்பதைத் தாண்டியவன் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எப்போது அவன் வீட்டுக்குப் போனாலும், சமையல் மேடையோரம் நின்றபடியே பாத்திரத்திலிருந்து நேராகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இரண்டு நாற்காலியும் சும்மா கிடக்கும். அதைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கேயோ போய், அடுத்த வரனைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அவன் மேசையில் பேனா அளவில் ஒரு சூட்டுக்கோல் உண்டு. பொத்தானை அழுத்தினால் நுனியிலுள்ள மெல்லிய கம்பி சிவக்கும். கொக்கியின் துளையை அடைத்து நிற்கும் நூல் பிசிறை அதனால் பொசுக்கிவிடலாம். பேட்டரி தீர்ந்தால் கருவியையே தூக்கிப் போடும்படி ஒட்டித்தான் விற்கிறார்கள். அண்ணனுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கத்தியை விட்டு நெம்பினான். நெம்பிய வேகத்தில், பொத்தானைச் சுற்றி அரணாக இருந்த விளிம்பும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது.

“அது சும்மா அழகுக்கு” என்றான். உள்ளே பேட்டரியைப் பிடித்திருந்த ஸ்பிரிங்கும் எங்கேயோ தெறித்துப் போனது. வேறு ஸ்பிரிங் தேடித்தான் கடைத்தெருவிலிருக்கும் கடிகாரக் கடைக்குப் போனான்.

கடையை நடத்துகிறவள் ஒரு பெண். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, எறும்புத் தலையளவு திருகாணியைக்கூடக் கீழே விடாமல் எடுத்து மாட்டுகிற கை அவளுக்கு. ஸ்பிரிங் ஒன்றை வெட்டிப் பொருத்தி, இரண்டு பேட்டரியைப் போட்டு, பின்பக்கம் டேப் சுற்றிக் கொடுத்தாள். அண்ணன் சூட்டுக்கோலின் நுனிக்குக் கண்ணாடி மூடி போட்டுச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு கடை மேசைமேல் நன்றாகச் சாய்ந்துகொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தவன், வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான்.

“வந்துடுச்சு.”

“யாரு?”

“கதகதப்பு. அந்தக் கடிகாரக் கடைக்காரங்ககிட்ட பேசப் பேச நெஞ்சுல ஏறுச்சு. வெளிய வந்ததும் இறங்கிடுச்சு.”

இதய நோயாக இருக்குமோ என்று பயந்தேன். இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, “இதயம் கல்லு மாதிரி இருக்கு” என்றார்.

“அதுதானே டாக்டர் எங்க குறையே” என்றேன்.

அப்புறம்தான் எனக்குச் சந்தோஷம் வந்தது. கடிகாரக்காரிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை மறுநாளே விசாரித்து வைத்துக்கொண்டேன். அண்ணனோ வாயைத் திறக்காமல் பேட்டரி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தான். மாற்றிய பேட்டரி மாற்றிய வேகத்தில் தீர்ந்தது. அவளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. “நான் போட்டுக் கொடுத்தது இவ்வளவு சீக்கிரம் தீராதே சார்” என்று வேறு கம்பெனி பேட்டரியெல்லாம் போட்டுப் பார்த்தாள். இவனுக்கு அது தீராமல் இருந்தால்தான் கவலை.

“இன்னிக்கு நீ சொல்ற. நானும் வர்றேன்” என்று ஒருநாள் கிளப்பிக்கொண்டு போனேன்.

அவள் புது பேட்டரி போட்டுக் கொடுத்தாள். அவன் பையில் வைத்துக்கொண்டு சாய்ந்தான். “உங்ககிட்ட ஒரு விஷயம்...” என்று இழுத்தான். தைரியம் சொல்லலாமென்று திரும்பிய நான், அவன் சட்டைப் பைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி ஒளிர்வதைப் பார்த்தேன்.

எல்லாம் விளங்கிவிட்டது. அவன் சாயும்போது மேசை விளிம்பு பொத்தானை அழுத்துகிறது. கம்பி எரிகிறது, பேட்டரி தீர்கிறது, நெஞ்சு சுடுகிறது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். சட்டை பொசுங்கினால் வேறு சட்டை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கதகதப்பு போனால் அடுத்தது எந்தக் காலத்தில் வருவது?

ஆனால் எறும்புத் தலையைப் பார்க்கிற கண்ணுக்கு இது தப்புமா?

“சார், பாக்கெட்ல என்ன செவப்பா எரியுது?”

வாங்கிப் பார்த்தாள். பொத்தானை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். “அதானே பார்த்தேன்! சுத்தி விளிம்பு இல்லாததால தானா அழுந்துது. என் பேட்டரி மேல தப்பே இல்ல.”

அண்ணன் முகம் செத்துவிட்டது. “அப்போ இத்தனை நாளா சுட்டது இதுதானா?”

“எது சுட்டுச்சு?”

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கதகதப்பு, டாக்டர், கல்லு, ஒன்று பாக்கியில்லை. நான் சுவரிலிருந்த கடிகாரங்களை வெறித்துக்கொண்டு நின்றேன். பூமி பிளந்தால் முதல் ஆளாக உள்ளே போயிருப்பேன்.

அவள் டேப்பைப் பிரித்துப் பேட்டரி இரண்டையும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். வெறும் சூட்டுக்கோலை அவன் பக்கம் தள்ளினாள்.

“பாக்கெட்ல வைங்க. முன்ன மாதிரியே சாஞ்சு நில்லுங்க.”

நின்றான்.

“இப்போ சூடு இருக்கா?”

“இல்லீங்க.”

போச்சு, எல்லாம் போச்சு. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பான்?

“சூடு இல்லீங்க” என்றான் மறுபடியும். “உள்ளங்கையெல்லாம் ஜில்லுனு இருக்கு. கை நடுங்குது.”

தூக்கிக் காட்டினான். அண்ணனின் கை நிஜமாகவே நடுங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“பேட்டரியை எடுக்கும்போது ஸ்பிரிங்கைக் கீழ விட்டுட்டேன்” என்றாள், தலையைத் தூக்காமல். “எதையும் கீழ விடுற ஆள் இல்ல நான். இன்னிக்கு என்னமோ என் கையும் நிக்கல. கொஞ்சம் தேடித் தர்றீங்களா?”

அவன் உள்ளே போய் மண்டியிட்டான். அவளும் குனிந்தாள். இரண்டு தலையும் மேசைக்கு அடியில் போய்விட்டன. “இந்தப் பக்கம்தான் சத்தம் கேட்டுச்சு” என்றாள் அவள். “இங்க பார்த்துட்டேங்க” என்றான் அவன். கொஞ்ச நேரத்தில் எதற்கோ இருவரும் சிரித்தார்கள்.

ஸ்பிரிங் வெளியே, என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் மெல்லக் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

“நிதானமா தேடுங்க” என்றேன். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”