சேலையைத் தின்ற தண்ணீர்

துவைத்து உதறிய சேலையில் ஐந்தாறு ஓட்டைகளைப் பார்த்ததும் எலியின் வேலை என்றுதான் வெள்ளையம்மாள் நினைத்தாள். ஆனால் எலி கடித்த இடம் இப்படி இருக்காது. ஓட்டைகளின் ஓரம் பழுப்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. முந்தின நாள் என்னென்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். சாமை புடைத்தாள், புளி தட்டினாள், கட்டிலடியில் இருந்த பேட்டரியை இடுப்போடு அணைத்து நகர்த்திப் பெருக்கினாள்.

கரண்டு வராத மலையூர் அது. ரேடியோவுக்காக அவள் கணவன் கோவிந்தன் வாங்கிவந்த பழைய ஜீப் பேட்டரி. கீழே கண்ணமங்கலத்தில் சார்ஜ் போட்டு வருவான். இப்போது ஒருநாள்கூடத் தாங்குவதில்லை.

பேட்டரியின் மூடியோரத்தில் ஈரம் கசிந்திருந்தது. ஒரு குச்சியில் அதைத் தொட்டுக் கந்தல் துணியில் வைத்து வெயிலில் காயப்போட்டாள். சாயங்காலம் தண்ணீரில் கசக்கியபோது அந்த இடம் பொத்துக்கொண்டது. கட்டிலடியில் தவழ்கிற மகள் பூங்கோதையின் உள்ளங்கை நாலு நாளாகச் சிவந்திருந்தது. எறும்புக்கடி என்று விட்டிருந்தாள். ஓடிப்போய்க் குழந்தையின் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

கோவிந்தன் சுத்தியலோடு வந்தான். "செத்த பேட்டரிதானே. தண்ணிய ஓடையில கொட்டிட்டு ஈயத்த அடுப்புல உருக்கிக்கலாம்."

"தண்ணின்னா சீலய துன்னுமாய்யா?" கந்தலை அவன்முன் விரித்தாள்.

அவன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்தான்.

மறுநாள் பேட்டரியைச் சாயாமல் கூடையில் வைத்து, குழந்தையோடு இருவரும் பஸ் ஏறினார்கள். சார்ஜ் போடும் கடைக்காரர் சத்தார் அதைப் பத்திரமாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"அது ஆசிட்டும்மா. ஒடைக்காம கொண்டாந்தீங்களே, அதுவே போதும். ஈயத்த உருக்குனா அந்தப் பொகை கொயந்தைக்கு ஆவாது. வேற பேட்டரி ஒண்ணு தரட்டுங்களா?"

கோவிந்தன் மனைவியைப் பார்த்தான்.

"அத்த வூட்டுல எங்க வெக்கணும் பாய்?" என்றாள் அவள்.

"காத்தாட, அடுப்புக்குத் தூரமா, கொயந்த கைக்கு எட்டாத எடத்துல."

ஒற்றை அறை வீட்டை மூலை மூலையாக மனதில் சுற்றி வந்தாள். "உள்ள இன்னாதான் கீது, பாக்கலாங்களா?"

"மொகத்த தள்ளி வெச்சிக்கினு பாருங்க."

குழந்தையைக் கோவிந்தனிடம் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மூடி திறந்து சார்ஜில் கிடந்த பேட்டரிக்குள் ஆசிட் சுனைநீர்போலத் தெளிந்திருந்தது. அடியிலிருந்து பொடிக் குமிழிகள் ஓயாமல் மேலேறி உடைந்துகொண்டிருந்தன.